பழவேற்காட்டு ஏரியைத் தூர்வாரினால் பறவைகளின் மேய்ச்சல் நிலம் என்ன ஆகும்?

ஆரணிக்கரை:
வணக்கம். பழவேற்காடு ஏரியின் தென்பகுதியில் உள்ள ஊர் ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டுப் படகுகள் கடலுக்குப் போக முடியாமல் போவதையும், அதனால் மீனவக் குடும்பங்கள் படும் பாட்டையும் பலமுறை பார்த்திருக்கிறோம். முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும் என்பதில் எங்கள் ஊரில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அத்துடன் நில்லாமல், ஏரி முழுவதையும் தூர்வாரி ஆழப்படுத்தக் கோரும் தீர்மானத்தை வரும் கிராம சபையில் கொண்டுவரச் சிலர் முனைகிறார்கள். பூநாரைகள் ஆழமில்லாத நீரில்தான் மேயும் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கும் நான் இத்தீர்மானத்தை ஆதரிக்கலாமா? ஆதரிக்க இயலாது என்றால், மீனவர்களுக்கு எதிராகப் பேசுவதாகத் தோன்றாமல் அதை எப்படி எடுத்துரைப்பது?

சேற்றுவெளி:
ஐயா, உங்கள் தயக்கம் நியாயமானது. இந்த ஏரிக்குப் பறவைகள் வருவதற்கு அதன் ஆழமின்மையே முதற்காரணம். பூநாரை கால்களால் சேற்றைக் கலக்கி, தலையைக் கவிழ்த்து, அலகின் ஓரச் சல்லடையால் சிற்றுயிர்களையும் பாசியையும் வடிகட்டி உண்ணும் பறவை. அதன் நீண்ட காலுக்கு எட்டும் நீரில்தான் இவ்வாறு மேய முடியும். கொசு உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் அவ்வளவு நீர்கூட ஆகாது. நீர் வற்றி ஈரம் மட்டும் மிஞ்சிய சேற்றின் விளிம்பே அவற்றின் இடம். கருவால் மூக்கன் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும். ஊசிவால் வாத்து மிதந்தபடி தலையைத் தாழ்த்தி மேயும். ஒரு சாண் நீர்மட்ட வேறுபாட்டில் ஓரினத்தின் மேய்ச்சல் நிலம் முடிந்து இன்னோரினத்தின் நிலம் தொடங்கிவிடுகிறது. ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டினால் இந்தப் படிவரிசை அழிந்து, மீன் பிடிக்கும் ஆலாக்களும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் மட்டுமே எஞ்சும்.

பூநாரைகள் இங்கே கூடு கட்டுவதில்லை. குஜராத்தின் கட்ச் உப்புவெளி போன்ற இடங்களில் இனப்பெருக்கம் செய்யும் அவை, குளிர்காலத்தில் உணவுக்காகவே நம் பக்கம் வருகின்றன. ஆகையால் பழவேற்காட்டில் அவற்றைக் காப்பது என்பது உணவு விளையும் சேற்றைக் காப்பதுதான். இதற்கு மறுபக்கமும் உண்டு. சூளூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள நேலப்பட்டு சரணாலயத்தில், நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாக்கள் குஞ்சுகளுக்கு மீன் தேடி இந்த ஏரிக்கும் வருகின்றன. மீன்வளம் குன்றினால் அந்தக் கூடுகளும் பாதிக்கப்படும். எனவே கடல்நீர் வந்து போவது பறவைகளுக்கும் தேவை. முகத்துவாரத்தைத் திறக்கும் கோரிக்கையைத் தயங்காமல் ஆதரியுங்கள்.

பாடுவலை:
நான் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். மேலே எழுதியிருப்பவர் கூறியதில் எனக்கு உடன்பாடே. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காலங்கியும் வெள்ளம் கொண்டுவரும்போது அந்த வேகமே முகத்துவார மணலை அரித்துத் தள்ளும். கோடையில் ஆறுகள் வற்றியதும் கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் வாயை அடைத்துவிடும். அடைபட்டபின் வெயிலில் நீர் வற்றி, உப்பு ஏறி, கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வருவதும் நின்றுபோகும். எங்களுக்கு வேண்டியது, முகத்துவாரம் திறந்திருப்பதும், அதிலிருந்து உள்ளே நீர் ஏறி இறங்கும் வாய்க்கால்கள் தூர்ந்துபோகாமல் இருப்பதுமே. ஏரி முழுவதும் பள்ளமாவதை எந்த மூத்த மீனவரும் கேட்கமாட்டார். ஏனெனில் இறால் குஞ்சு வளர்வதும் அந்த ஆழமற்ற சேற்றில்தான். எந்த ஊர் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு வழக்கம் எங்களிடையே தலைமுறைகளாக இருந்து வருகிறது. எங்கே மேடு, எங்கே வாய்க்கால் என்பது அம்முறையை நடத்துபவர்களுக்குத் தெரியும். கிராம சபைக்கு முன்பாக அவர்களைச் சந்தித்துப் பேசுங்கள். எதிர்ப்பாகத் தோன்றுமோ என்ற அச்சத்துக்கே இடமிராது.

காலங்கி:
ஆந்திரப் பகுதியையும் மறக்க வேண்டாம். ஏரியின் பெரும்பரப்பு அங்கேதான் இருக்கிறது. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குச் செல்லும் சாலை ஏரியின் குறுக்கே போடப்பட்ட மண்கரையின் மேல் போகிறது. மதகுகள் இருந்தாலும், முன்பு தடையின்றிப் பரவிய நீர் இப்போது அவற்றின் வழியே மட்டுமே கடக்க வேண்டியிருப்பதால், வடபகுதி விரைவாக வற்றிக் காய்ந்துவிடுகிறது. பழவேற்காட்டில் எவ்வளவு தோண்டினாலும் அந்தப் பகுதிக்கு நீர் போய்ச் சேராது. மதகுகளை அகலப்படுத்துவதும், ராயதொருவு போன்ற வடக்கு முகத்துவாரங்களைச் சீரமைப்பதும் உடன் நடக்க வேண்டும்.

ஒடிசாவின் சிலிகா ஏரி நமக்கு நல்ல முன்னுதாரணம். கடலோடு தொடர்பு குறைந்து உப்புத்தன்மை மாறி, நீர்க்களை மண்டியதால், அழிவின் விளிம்பிலுள்ள ஈரநிலங்களின் பன்னாட்டுப் பட்டியலில் 1993-இல் சேர்க்கப்பட்ட ஏரி அது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கே புதிய முகத்துவாரம் ஒன்றை வெட்டினார்கள். மீன்வளம் மீண்டது, 2002-இல் அப்பட்டியலிலிருந்தும் சிலிகா நீக்கப்பட்டது. ஏரி முழுவதையும் அவர்கள் பள்ளமாக்கிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பறவைகள் கூடும் நளபனத் தீவின் சேற்றுவெளி, பருவத்துக்கேற்ப நீரில் மூழ்கியும் வெளிப்பட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆரணிக்கரை:
அனைவருக்கும் நன்றி. பாடு முறையை நடத்தும் பெரியவர்களை இந்த வாரமே சந்திக்கிறேன். தீர்மானத்தின் வாசகத்தில் எவற்றைச் சேர்க்க வேண்டும் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

சேற்றுவெளி:
"ஏரியைத் தூர்வார வேண்டும்" என்ற பொதுவான சொற்களுக்குப் பதிலாக, "முகத்துவாரத்தையும் மீனவர்கள் அடையாளம் காட்டும் நீர்வாய்க்கால்களையும் தூர்வார வேண்டும்" என்று எழுதுங்கள். பலரும் கவனிக்கத் தவறுவது, அள்ளிய மணலையும் சேற்றையும் எங்கே கொட்டுவது என்பது. அருகிலுள்ள ஆழமற்ற திட்டில் கொட்டினால் அது மேடாகிச் சீமைக் கருவேலம் முளைத்துவிடும். தோண்டாமலே மேய்ச்சல் நிலம் போய்விடும். எனவே தோண்டிய மண்ணைச் சேற்றுத்திட்டுகளில் போடக்கூடாது என்பதைத் தனி வரியாகச் சேருங்கள். வலசைப் பறவைகள் பெருமளவில் கூடும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அவை மேயும் இடங்களுக்கு அருகே இயந்திரங்களை இயக்குவதைத் தவிர்க்கவும் கோரலாம். மணல் அடைப்புக் கோடையில்தான் ஏற்படுகிறது என்பதால் மீனவர்களுக்கு இதில் இழப்பு இராது. தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமாக இருப்பதால் வனத்துறையின் அனுமதியின்றிப் பணி தொடங்க இயலாது. தீர்மானத்தின் நகலை மீன்வளத்துறையுடன் வனத்துறைக்கும் அனுப்பிவையுங்கள்.