கிரைண்டருக்கு எந்த கலர்? மூணு பேர் மூணு விதமா சொல்றாங்க, எதை வச்சு முடிவு பண்றது?

கோவை_கல்லு:

வணக்கமுங்க எல்லாருக்கும். கோயம்புத்தூர்ல சின்னதா ஒரு யூனிட் வச்சு வெட் கிரைண்டர் பண்றோம். இத்தனை நாள் அடுத்தவங்க பிராண்டுக்கு அசெம்பிள் பண்ணிக் குடுத்துட்டு இருந்தோம், இப்பத்தான் சொந்தப் பேர்ல 2 லிட்டர் டேபிள்டாப் ஒண்ணு இறக்கப் போறோம். கல்லு, மோட்டார், டிரம் எல்லாம் முடிவாயிருச்சு, மோல்டும் (பாடி வார்க்கற அச்சு) வந்துருச்சு, கலர்ல வந்து நிக்குது. டீலர் செர்ரி ரெட் தவிர வேற எதுவும் வேண்டாம்ங்கறார், கடையில தூரத்துல இருந்தே கண்ணுல படணுமாம். டிசைன் பண்ணிக் குடுத்த தம்பி கிளாஸி பிளாக்ங்கறார், பிரீமியமா தெரியும்னு. எங்கம்மா வெள்ளை இல்லன்னா க்ரீம் தான்ங்கறாங்க, அழுக்கு இருந்தா கண்ணுக்குத் தெரியணும்ங்கறது அவங்க கட்சி. மூணுமே சரியாத்தான் படுது, அதான் பிரச்சனையே.

பாடி ஏபிஎஸ் பிளாஸ்டிக். முன்னாடி பேனல் மட்டும் ஷீட் மெட்டல், பவுடர் கோட்டிங். ஒரு நாப், அடியில ஓவர்லோடு பட்டன் (லோடு ஜாஸ்தியாகி மோட்டார் நின்னா அழுத்தறது), ஒரு எல்இடி (ஓடும்போது பச்சை, ஓவர்லோடு ஆனா அதே லைட் சிவப்பாகும்). யாருக்கு எது பிடிக்கும்னு கேக்கலைங்க, எதை வச்சு முடிவு பண்ணணும்னு அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

மோல்டிங்_அம்பத்தூர்:

மொதல்ல மோல்டு எப்படி இருக்குன்னு பாருங்க சார். உள்பக்கம் பாலிஷா, டெக்ஸ்சர் அடிச்சிருக்கா? பாலிஷ் மோல்டுல கிளாஸி பிளாக் ஓட்டினா பின்னாடி இருக்கற ரிப் (தாங்கு பட்டை), ஸ்க்ரூ பாஸ் (ஸ்க்ரூ ஏறற குழல்) எல்லாத்துக்கும் நேரா முன்பக்கம் லேசா குழி விழறது பளிச்சுனு தெரியும், வெல்டு லைன் (உருகின பிளாஸ்டிக் ரெண்டு பக்கமிருந்து வந்து சேர்ற கோடு) தெரியும், துணி வச்சுத் துடைச்சாலே கோடு விழும். அதே பார்ட்டை க்ரீம்ல லேசான டெக்ஸ்சரோட எடுத்தா இதுல பாதி கண்ணுக்கே தெரியாது. ரிஜெக்‌ஷன் எவ்ளோ வரும்ங்கறதையே கலர் தான் தீர்மானிக்குது, இதை டிசைன் பண்றவங்க யோசிக்கறதே இல்ல.

வெள்ளைக்கும் ஒரு தொல்லை இருக்கு. ஏபிஎஸ்குள்ள பியூட்டடையீன் ரப்பர் இருக்கறதால வெயில் பட்டா மெதுவா மஞ்சளாகும், ஜன்னலோர மேடையில வச்சா ஒரு பக்கம் மட்டும் பழுப்பா நிக்கும். சுத்த வெள்ளையில இது அசிங்கமா தெரியும், க்ரீம்ல அவ்ளோ தெரியாது, வெயில் தாங்கற யுவி ஸ்டெபிலைசர் போட்ட மாஸ்டர்பேட்ச் (பிளாஸ்டிக்ல கலக்கற கலர் குருணை) கேட்டு வாங்குங்க. சிவப்புல எல்லா பிக்மென்ட்டும் ஒண்ணு கிடையாது, மலிவானது வெளிறிப் போயிடும். ரெண்டு கலர் ஓட்டறதா இருந்தா வெளிர் கலரை முதல்ல ஓட்டிட்டு அப்புறம் அடர் கலர், திருப்பி ஓட்டினா பேரல்ல (மெஷின்ல பிளாஸ்டிக் உருகற குழாய்) ஒட்டின பழைய கலரைத் தள்ளிச் சுத்தம் பண்ணியே மெட்டீரியல் காலியாகும். மாவு படற மூடி மாதிரி பார்ட் பிளாஸ்டிக்ல இருந்தா அதுல போடற கலர் ஐஎஸ் 9833 லிஸ்ட்ல (சாப்பாடு படற பிளாஸ்டிக்ல போடலாம்னு இருக்கற கலர்களோட இந்திய ஸ்டாண்டர்டு) இருக்கறதான்னு சப்ளையர்கிட்ட எழுத்துல வாங்கிக்கங்க.

இன்னொண்ணு, இது முக்கியம். பாடி பிளாஸ்டிக், பேனல் பவுடர் கோட்டிங், ரெண்டும் ஒரே சிவப்புன்னு ஃபேக்டரி டியூப்லைட்ல பார்த்து ஓகே பண்ணிடுவீங்க, வெளிய வெயில்ல கொண்டு போனா ஒண்ணு ஆரஞ்சு அடிக்கும் ஒண்ணு மெரூன் அடிக்கும். ரெண்டுலயும் பிக்மென்ட் வேற வேற, வெளிச்சம் மாறினா கலர் பிரிஞ்சுடும். அதனால பேனலை அதே கலர்ல மேட்ச் பண்ணவே முயற்சி பண்ணாதீங்க, வேணும்னே வேற ஷேடு வச்சுடுங்க.

கலர் மெஷின்ல இருந்து பிறந்ததுக்கு ஃபிஸ்கார்ஸ் கத்தரிக்கோல் நல்ல உதாரணம். 1967ல ஃபின்லாந்துல பிளாஸ்டிக் பிடி போட்டு முதல் சாம்பிள் எடுக்கும்போது மெஷின்ல ஏற்கனவே ஓட்டின ஆரஞ்சு மெட்டீரியல் மிச்சம் இருந்துச்சு, அதுல வந்த பீஸ் எல்லாருக்கும் பிடிச்சுப் போய் கம்பெனிக்குள்ள ஓட்டெடுப்பு வச்சு ஆரஞ்சே ஜெயிச்சது. 2003ல அந்த ஆரஞ்சுக்கு ஃபின்லாந்துல டிரேட்மார்க்கே வாங்கிட்டாங்க.

பயோமெட்_மதுரை:

நான் ஆஸ்பத்திரி எக்விப்மென்ட் சைடு. எங்களுக்கு கலர்னா அழகு சமாச்சாரமே கிடையாது, அது தகவல். ஐவி கேனுலாவை (டிரிப்ஸ் ஏத்த நரம்புல சொருகற ஊசிக் குழாய்) எடுத்துக்கங்க, பச்சைன்னா பருமன் 18 கேஜ், பிங்க் 20, நீலம் 22, மஞ்சள் 24. எந்தக் கம்பெனி வாங்கினாலும் இதே தான், ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டு. அவசரத்துல யாரும் நம்பரைப் படிச்சுட்டு நிக்க மாட்டாங்க, சிஸ்டர் அந்த பிங்க் எடுங்கன்னா கை நேரா அங்க போகும். ஃபேக்டரி மெஷின்ல எமர்ஜென்சி ஸ்டாப் மஞ்சள் பின்னணியில சிவப்பு பட்டனா இருக்கறதும் இதே காரணம் தான், பதட்டத்துல இருக்கற ஆளு தேடக் கூடாது.

அதனால உங்க கேள்வியை நான் மாத்திக் கேப்பேன். உங்க கிரைண்டர்ல கை எங்க போகணும்? நாப்புக்குப் போகணும், நின்னுடுச்சுன்னா ஓவர்லோடு பட்டனுக்குப் போகணும், அவ்ளோ தான். மிக்ஸி அடியில ஒரு சிவப்பு பட்டன் இருக்கறதே தெரியாம மோட்டார் போச்சுன்னு சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போறவங்க எத்தனை பேர்! இப்ப மொத்த பாடியும் செர்ரி ரெட் ஆக்கிட்டீங்கன்னா அந்த சிவப்பு பட்டன் பாடியோட கரைஞ்சு போயிடும், சிவப்பு எல்இடியும் எடுபடாது. எச்சரிக்கைக்கு வச்சிருந்த கலரை அலங்காரத்துக்கு செலவழிச்சுட்டா அவசரத்துக்கு கையில எதுவும் மிஞ்சாது. பிரான் (Braun) கம்பெனியோட ஈடி66 (ET66) கால்குலேட்டர் படம் தேடிப் பாருங்க, 1987ல வந்தது. முழுக்க கருப்பு, பெரும்பாலான பட்டன் கருப்பும் பழுப்பும், சமக்குறி பட்டன் மட்டும் பளிச்சுனு மஞ்சள். கணக்குப் போட்டு முடிச்சதும் விரல் எங்க போகணுமோ அங்க தான் கலர். பாடியை அமைதியா விட்டுட்டு நாப்புக்கும் பட்டனுக்கும் மட்டும் கலர் குடுங்கன்றது என் கருத்து.

திருச்சி_ஹோம்_அப்ளையன்ஸ்:

மேல சொன்னவங்க சொன்னது எல்லாம் சரி ஆனா பொருள் விக்கணுமேங்க. நான் கடை வச்சிருக்கேன், உங்க டீலர் சொல்றதுல நியாயம் இருக்கு. கஸ்டமர் மாடல் நம்பரா சொல்றாங்க? பக்கத்து வீட்ல ஒரு சிவப்பு கிரைண்டர் இருக்கே அது குடுங்கம்பாங்க. ஆவின் பாலை யாராவது கொழுப்பு சதவீதம் சொல்லி வாங்கறாங்களா, நீல பாக்கெட், பச்சை பாக்கெட், ஆரஞ்சு பாக்கெட், அவ்ளோ தான். 2023 கடைசியில 4.5 சதவீதம் பச்சைக்கு பதிலா 3.5 சதவீதம் ஊதா பாக்கெட் கொண்டு வரப் பாத்தப்ப எவ்ளோ பேச்சாச்சு, ஜனங்க அந்தக் கலர் மேல அவ்ளோ நம்பிக்கை வச்சிருந்தாங்க. சிலிண்டரும் அப்படித்தான், வீட்டுக்கு சிவப்பு 14.2 கிலோ, ஹோட்டல்ல நீலம் 19 கிலோ, டீக்கடை உள்ள வீட்டு சிலிண்டர் இருந்தா வாசல்ல இருந்தே கண்டுபிடிச்சுடலாம். பாஷ் டூல்ஸ் பாருங்க, பச்சை வீட்டு உபயோகத்துக்கு, நீலம் தொழில் பண்றவங்களுக்கு, டிரில் வாங்க வர்ற மெக்கானிக் பச்சையைக் கையில எடுத்துக் கூட பாக்க மாட்டார்.

கருப்புக்கு எங்க பக்கம் இன்னொரு தடை இருக்கு, டிசைன் பண்ற பசங்களுக்கு இது தெரியறதில்ல. கிரைண்டர் நிறைய விக்கறதே சீர்வரிசைக்கு. பொண்ணுக்கு வைக்கற சீர்ல கருப்பா ஒரு பொருளை வைக்க பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க, கடையில நின்னு பையன் கருப்பு நல்லா இருக்குன்னாலும் பாட்டி ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. ஆனா நாலஞ்சு கலர்லயும் இறக்கிடாதீங்க, ஓடாத கலர் எங்க குடோன்ல தான் உக்காரும், மூடி உடைஞ்சா அதே கலர் ஸ்பேர் கேட்டு வருவாங்க. ரெண்டு போதும்.

அடுப்படி_நாட்டாமை:

கருப்பு வச்சிருக்கேன் ஒரு வருஷமா. மாவு தெறிச்சுக் காஞ்சா வெள்ளை வெள்ளையா அப்படியே தெரியும், தினமும் துடைக்கணும். க்ரீம் வாங்கியிருந்தா உளுந்து மாவு தெரியாது ஆனா மஞ்சக்கை பட்டா அது தெரியும், சரி அதை வெயில்ல வச்சா வெளுத்துடும். அம்மா சொன்னது தான் சரி.

பச்சை_சிவப்பு_குழப்பம்:

யாரும் அந்த எல்இடியைப் பத்தி பெருசா சொல்லல அதனால சொல்றேன். எனக்கு சிவப்பு பச்சை வித்தியாசம் சரியா தெரியாது, பிறவியிலேயே. ஆம்பளைங்கள்ல இது நிறைய பேருக்கு உண்டு, ஐரோப்பிய வம்சாவளியில நூத்துக்கு 8 பேர்ங்கறாங்க. ஒரே லைட் பச்சையில இருந்து சிவப்பா மாறினா எனக்கு ஏதோ ஒரு லைட் எரியுதுன்னு தான் தெரியும், என்ன ஆச்சுன்னு தெரியாது. சார்ஜர்ல சார்ஜ் ஏறிடுச்சான்னு பாக்க இன்னொருத்தரைக் கூப்பிடறது எவ்ளோ கடுப்பான விஷயம்னு அனுபவிச்சவங்களுக்குத் தான் தெரியும். சிக்னல்ல பிரச்சனை இல்ல, மேல இருந்தா சிவப்பு கீழ இருந்தா பச்சை, இடம் சொல்லிடுது.

சாப்பாட்டு பாக்கெட்ல சைவத்துக்கு பச்சை வட்டம், அசைவத்துக்கு பழுப்பு வட்டம் இருந்துச்சே, எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரி தான். 2020ல வந்த எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லேபிளிங் விதியில அசைவத்துக்கு முக்கோணம் ஆக்கினாங்க, இப்ப கலரே பாக்காம சொல்லிடுவேன். உங்க கிரைண்டர்லயும் ஓவர்லோடு ஆனா லைட் விட்டு விட்டு எரியட்டும், இல்ல ரெண்டு லைட்டா தனித்தனி இடத்துல வைங்க. செலவு ரொம்ப ஆகாது.

கோவை_கல்லு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, கலருக்குப் பின்னாடி இவ்ளோ இருக்குன்னு நினைக்கலை. இப்ப இப்படி யோசிக்கறேன்: பாடி க்ரீம், பேனல் மெரூன் பவுடர் கோட்டிங் (டீலருக்கும் சீருக்கும் அது போதும், பாடியோட மேட்ச் பண்ற தலைவலியும் இல்ல), நாப் அடர் சாம்பல், ஓவர்லோடு பட்டனை அடியில இருந்து பக்கவாட்டுக்குக் கொண்டு வந்து சிவப்புலயே வச்சு பக்கத்துலயே தமிழ்ல ரெண்டு வார்த்தை. எல்இடி ரெண்டு, ஓவர்லோடு விட்டு விட்டு எரியும். பட்டன் இடம் மாத்த மோல்டுல ஒரு இன்சர்ட் வேலை (அந்த இடத்துக்கு மட்டும் தனித் துண்டு செஞ்சு சொருகறது) வரும், பரவாயில்லைங்க. க்ரீம்ல மட்டும் எந்த ஷேடுன்னு தெரியல, சப்ளையர் ஒரு கார்டு நிறைய குடுத்திருக்கார்.

மோல்டிங்_அம்பத்தூர்:

கார்டைப் பாத்து முடிவு பண்ணாதீங்க சார், அது அச்சடிச்ச கலர், பிளாஸ்டிக்ல வேற மாதிரி வரும். மூணு ஷேடு செலக்ட் பண்ணி உங்க டெக்ஸ்சரோட சாம்பிள் தட்டு அடிச்சுத் தரச் சொல்லுங்க. அதை ஜன்னலோரம், டியூப்லைட், மஞ்ச எல்இடி பல்பு மூணு இடத்துலயும் மெரூன் பேனல் பக்கத்துல வச்சுப் பாருங்க, அப்புறம் அம்மாகிட்ட குடுத்து மாவும் மஞ்சளும் தடவி ஒரு ராத்திரி காய விட்டு காலையில துடைக்கச் சொல்லுங்க. அப்புறம் ஓகே ஆன தட்டுல கையெழுத்துப் போட்டு ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு சப்ளையர்கிட்ட, ரெண்டையும் வெளிச்சம் படாம வைங்க. அடுத்த லாட் வரும்போது அது தான் உங்க அளவுகோல்.