புதுப்பிப்பு: தை மாதம் நான் திட்டித் தீர்த்த கிட்டார்

நடுத்தர விலை எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கி, கேபிளை அசைத்தால் ஒலி போய்ப் போய் வருகிறது, கம்பிகள் விரல் பலகையிலிருந்து உயரத்தில் நிற்கின்றன என்று தை மாதம் இங்கே புலம்பியிருந்தேன். திருப்பி அனுப்பு என்று பாதிப் பேர் சொன்னீர்கள். அனுப்பவில்லை.

கேபிள் செருகுகிற ஜாக் விஷயம் சப்பை. நட்டு தளர்ந்து, சாக்கெட் உள்ளே சுழன்று, பற்றவைத்த வயர் ஒன்று நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பப் பற்றவைத்தேன், பத்து நிமிட வேலை.

கழுத்துதான் பாடாய்ப்படுத்தியது. மாரியில் மரம் ஈரம் குடித்து, கம்பிகளின் இழுவைக்கு முன்பக்கம் வளைந்திருந்தது, அதனால் கழுத்துக்குள் ஓடி வளைவைச் சரிசெய்கிற இரும்புத் தண்டை, அதாவது டிரஸ் ராடை, கால் சுற்று இறுக்கினேன், சரியாகிவிட்டது என்று நானும் நம்பிவிட்டேன். அப்புறம் கச்சான் காற்று தொடங்கியது. திருகோணமலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, துவைத்த சாரம் அரை மணியில் மொறமொறவென்று காய்கிற வெக்கை. கழுத்து பின்னால் சாய்ந்து முதல் மூன்று பிரெட்டிலும் (பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்) கம்பி உரசி இரைச்சல், இறுக்கியதில் பாதியைத் தளர்த்தினேன். பலகை சுருங்கியதில் பிரெட் நுனிகள் வெளியே துருத்தி உள்ளங்கையைச் சுரண்டின, ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டு சின்ன அரத்தால் சாய்வாக ராவினேன்.

இப்போது 12ஆவது பிரெட்டில் மெல்லிய கம்பி 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் மட்டுமே நிற்கிறது. கம்பிகள் மட்டும் உப்புக்காற்றில் மூன்று வாரத்தில் துருப்பிடிக்கின்றன, அதற்குக் கம்பனியைத் திட்ட முடியாது.