எம்.ஓ.டி. முடித்து ஆறு வருஷம்: இனி பி.எச்டி.யா, ஓ.டி.டி.யா?

பென்னாகரத்துக்காரி

வணக்கம். ஆக்குபேஷனல் தெரபியில் (நோயோ குறைபாடோ உள்ளவர்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் சிகிச்சை) எம்.ஓ.டி. என்கிற முதுகலை முடித்து ஆறு வருஷம் ஆகிறது. தர்மபுரியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலை, காலையில் குழந்தைகள், மதியத்துக்கு மேல் பக்கவாதம் வந்தவர்கள். இங்கே ஓ.டி. என்றாலே ஆபரேஷன் தியேட்டர் என்று நினைப்பார்கள், அதனால் வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலிலிருந்து சொல்லிப் புரியவைப்பேன்.

போன வருஷம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், வலது பக்கம் விழுந்திருந்தது. நாலு மாதத்தில் நன்றாகத் தேறி, தன் அன்றாட வேலைகளைத் தானே செய்கிறாரா என்று அளக்கும் பார்தெல் அளவுகோலில் 100க்கு 95 வந்ததும் அனுப்பிவிட்டோம். மூணாவது வாரம் மகள் போன் செய்து, அம்மா சமையல்கட்டில் உட்கார்ந்து அழுகிறார் என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். களிப் பானையை இறக்கி, சாக்கை மடித்துப் போட்டு, இரண்டு பாதத்தாலும் அணைத்துக்கொண்டு கிண்டுகிற கட்டையைப் பிடித்தார். நாலு சுற்று வரைக்கும் வலது கை கூடவே வந்தது, மாவு இறுக ஆரம்பித்ததும் விரல்கள் தானாக விட்டுவிட்டன. புளி தட்டுகிற சீசனில் அவர் கையில்தான் வீட்டுக்குக் காசு வரும், அந்த வேலையும் போச்சு. 95 வாங்கியவருக்கு இந்த நிலைமை என்றால் நாங்கள் அளந்தது எதை?

இதையே ஆராய்ச்சியாக எடுத்துப் படிக்க ஆசை. விசாரிக்கப் போன இடத்தில் பெங்களூரில் ஒரு கன்சல்டன்சி, ஓ.டி.டி. என்கிற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி டாக்டர் பட்டத்தைப் பற்றி, "ஓ.டி.டி. ஆன்லைனிலேயே முடிக்கலாம், முடித்தால் அமெரிக்க லைசன்ஸ் கிடைத்துவிடும்" என்று சொல்லி 25,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். எந்தக் கல்லூரி, என்ன அங்கீகாரம் என்று கேட்டால் இப்போது பதிலே இல்லை. வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, பையனுக்கு நாலு வயசு, வேலையை விட முடியாது. பகுதி நேரமாக பி.எச்டி. செய்ய வழி இருக்கிறதா? ஓ.டி.டி.க்கும் பி.எச்டி.க்கும் என்ன வித்தியாசம்?

சேலத்து வாத்தியார்

முதலில் அந்த முன்பணத்தை எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள், போனில் பேசுவதோடு விடாதீர்கள்.

பகுதி நேர பி.எச்டி. தாராளமாகச் செய்யலாம். யு.ஜி.சி.யின் 2022 விதிமுறை அதை அனுமதிக்கிறது, வேலை செய்யும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்கித் தர வேண்டும். முதுகலையில் 55 சதவீதம் இருக்க வேண்டும் (ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு). குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6. பெண்களுக்கு இதற்கு மேலும் 2 வருஷம் தளர்வு இருக்கிறது, 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் இருக்கிறது. சிறு குழந்தையை வைத்திருக்கிற நீங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும், யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பி.எச்டி. என்று யாராவது விற்றால் அது இங்கே செல்லாது. கோர்ஸ் ஒர்க்குக்கு நேரில் போயே ஆக வேண்டும், அந்த மாதங்களுக்கு விடுப்பு சேர்த்து வையுங்கள்.

உண்மையான சிரமம் கைடு கிடைப்பதில்தான். ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேரையும் இணைப் பேராசிரியர் 6 பேரையும் உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ள முடியும், நம் துறையில் பி.எச்டி. முடித்த ஆசிரியர்களே கொஞ்சம் பேர். அதனால் பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிட்டு கைடு தேடாமல், யார் பக்கவாதத்தில் வேலை செய்கிறார் என்று பார்த்து அவருக்கு எழுதுங்கள். வேலூர் சி.எம்.சி., காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்., கோவை கே.எம்.சி.எச்., மணிப்பால் என்று ஓ.டி. துறை உள்ள இடங்களில் ஆரம்பியுங்கள். சமூக மருத்துவத் துறையிலிருந்து ஒரு கோ-கைடு கிடைத்தால் கிராமத்து வேலைக்குப் பெரிய துணை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன், அதுதான் எனக்குப் பிடித்தது. பார்தெல் 1965இல் வந்தது, பத்தே விஷயம்: சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படி ஏறுவது இப்படி. சமையல் அதில் கிடையவே கிடையாது. 1969இல் வந்த லாட்டன் அளவுகோலில் சமையல் உண்டு, ஆனால் தானே திட்டமிட்டுச் சமைத்துப் பரிமாறுகிறாரா என்றுதான் கேட்கும், இறுகுகிற மாவுக்கு எதிராக இரண்டு கையும் சேர்ந்து எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கேட்காது. கனடாவின் சி.ஓ.பி.எம். அளவுகோல் எந்த வேலை முக்கியம் என்று நோயாளியையே சொல்லச் சொல்லி 1 முதல் 10 வரை மதிப்பிட வைக்கும், அதில் உங்கள் பாலக்கோடு அம்மா களி என்று சொல்லியிருப்பார். இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்து, எது எங்கே தவறவிடுகிறது என்று ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். சினாப்சிஸ் (ஆராய்ச்சித் திட்டச் சுருக்கம்) அதிலிருந்தே வந்துவிடும். ஒன்று மட்டும், எல்லா வேலையையும் அளக்கப் போகாதீர்கள். களி, புளி, இரண்டே போதும். அளவுகோலை உருவாக்கி, நிபுணர்களிடம் காட்டி, இரண்டு தெரபிஸ்ட் தனித்தனியாக அளந்தாலும் ஒரே மதிப்பெண் வருகிறதா என்று பார்ப்பதற்கே மூணு வருஷம் ஓடிவிடும். பின்னால் சிகிச்சை முறையை ஒப்பிடும் ட்ரயல் என்று போனால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்கிற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும், 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவு கிடையாது.

காவேரிப்பட்டணம் டு டெக்சாஸ்

ஓ.டி.டி. பற்றி நான் சொல்கிறேன் தங்கச்சி. அதில் இரண்டு வகை. ஒன்று என்ட்ரி லெவல், தொழிலுக்குள் நுழைவதற்கான படிப்பு. 24 வாரம் முழு நேர ஃபீல்டுஒர்க் (களப் பயிற்சி), அதற்கு மேல் 14 வாரம், 560 மணி நேரம் கேப்ஸ்டோன் என்கிற இறுதித் திட்டப்பணி. இன்னொன்று போஸ்ட் புரொஃபஷனல், ஏற்கெனவே தெரபிஸ்டாக இருப்பவர்களுக்கு, பெரும்பாலும் ஆன்லைனில் இருக்கும். உங்களிடம் விற்கப் பார்த்தது இந்த இரண்டாவதைத்தான். அதை முடித்தால் மட்டும் லைசன்ஸ் வராது. வெளிநாட்டில் படித்தவர்கள் என்.பி.சி.ஓ.டி. என்கிற அமெரிக்கச் சான்று வாரியத்தில் தகுதிச் சரிபார்ப்பு முடித்து, தேர்வு எழுதி, அப்புறம் மாநில லைசன்ஸ் வாங்க வேண்டும், வேலை விசாவுக்கு இன்னொரு சான்று தனி.

"2027க்கு அப்புறம் ஓ.டி.டி. இல்லாவிட்டால் வேலையே இல்லை" என்றும் சொல்லியிருப்பார்களே? 2017இல் அமெரிக்காவில் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு அப்படி ஒரு முடிவு எடுத்தார்கள், அடுத்த வருஷமே நிறுத்தி வைத்தார்கள், 2019இல் முதுகலை, முனைவர் இரண்டு வழியும் இருக்கட்டும் என்று முடிந்துவிட்டது. இங்கே என் கூட வேலை செய்பவர்களில் இரண்டும் இருக்கிறார்கள், நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. ஓ.டி.டி. நடைமுறைப் பட்டம். உங்களுக்கு வேண்டியது இல்லாத ஒரு அளவுகோலை உருவாக்குவது, அதற்கு பி.எச்டி.தான். இங்கே வருவதுதான் ஆசை என்றால் பாதை வேறு, அது தப்பும் இல்லை, ஆனால் இரண்டையும் ஒரே பையில் போட்டு விற்பவரை நம்பாதீர்கள்.

ஊத்தங்கரை

நான் தெரபிஸ்ட் இல்லை. எங்க அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். ஆஸ்பத்திரியில் பந்து அமுக்கச் சொன்னார்கள், பலகையில் குச்சி செருகச் சொன்னார்கள், மூணு மாதம் தவறாமல் செய்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, மாமரத்தில் தொரட்டி போட முடியுமா என்று. அந்தக் கேள்வியை யாருமே எழுதிக்கொள்ளவில்லை. தலைக்கு மேல் கையைத் தூக்கி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு, முனையைக் காம்பில் மாட்டி இழுக்க வேண்டும் அல்லவா, அதைப் பந்து எப்படிச் சொல்லிக்கொடுக்கும்? நீங்கள் படியுங்கம்மா. எங்க அப்பாவை அளந்து பார்க்க வேண்டும் என்றால் நானே கூட்டி வருகிறேன்.

பென்னாகரத்துக்காரி

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு ராத்திரி தூங்கவே நேரமாகிவிட்டது. முன்பணம் திருப்பிக் கேட்டு இன்று காலையில் ரிஜிஸ்டர் தபால் அனுப்பிவிட்டேன்.

சார், களி, புளி இரண்டோடு நிறுத்துகிறேன். ஊத்தங்கரை அண்ணா, தொரட்டியை அடுத்ததாக எழுதி வைத்திருக்கிறேன், அப்பாவை எப்போது வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள், ஆராய்ச்சிக்கு முன்னால் சிகிச்சையாகவே பார்க்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு போகிறேன். அந்த அம்மாவிடம் கேட்டேன், வரச் சொல்லிவிட்டார். கட்டைக்குத் துணி சுற்றிக் கொஞ்சம் தடிமனாக்கிப் பார்க்கப் போகிறேன், போன தடவை நாலு சுற்று, இந்தத் தடவை எத்தனை என்று எண்ணிக்கொண்டு வருகிறேன். சார், அதையும் சேர்த்து அந்த ஒரு பக்கத்தை எழுதி இங்கேயே போடட்டுமா?