ஜிஸ்கார் குடும்பத்துக்கு 'தெஸ்தேன்' எப்படி வந்தது?

முகில்77:
1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டபோது ஆங்கிலேயரிடம் பிடிபட்ட தெஸ்தேன் பிரபுவும், 1974-இல் பிரான்ஸ் அதிபரான வலேரி ஜிஸ்கார் தெஸ்தேனும் ஒரே வம்சமா? எந்த ஆவணத்தில் பார்க்கலாம்?

ஏட்டுச்சுவடி:
நேர் வாரிசு இல்லை. சென்னையில் சிக்கியவர் பிற்பாடு கடற்படைத் தளபதியானார். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794 ஏப்ரல் 28-இல், பாரிஸில் கில்லட்டினில் தலை போனது. மூலக்குடும்பத்தின் ஆண்வழி அத்தோடு அற்றுப்போச்சு. ஜிஸ்கார்கள் ஓவெர்ன் வட்டாரத்து வேறு குடும்பம். வலேரியின் அப்பா எத்மோன்தான் 1922-இல் அரசாணை வாங்கி அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டார். அதற்குக் காட்டிய உறவு, தெஸ்தேன் குடும்பத்து மூதாட்டி ஒருவர் மூலம் வந்த பெண்வழி. அந்த மூதாட்டி வந்த கிளையும் திருமணத்துக்கு வெளியே பிறந்தவரிடமிருந்து தொடங்கியது. வலேரி பிறந்தது 1926, அதனால் அவருக்குப் பிறவியிலேயே முழுப்பெயர்.

கோட்டோவியம்:
கூடவே ஒன்று: எஸ்தேன் என்பது அவேரோன் மாவட்டத்தில் ஒரு ஊர். முன்னால் நிற்கும் 'த' வெறும் ஊர்ச்சுட்டு. உழவர்கள் பெயரிலும் அது உண்டு, அதை வைத்துப் பிரபு என்று முடிவுகட்டாதீர்கள். 1790 ஜூனில் பரம்பரைப் பிரபுத்துவம் ஒழிந்தது. 1794 சட்டம் பிறப்புப் பதிவில் இல்லாத பெயரைச் சூடத் தடை போட்டது. 1803 சட்டம் ஒரு வாசலைத் திறந்தது: தகுந்த காரணம் காட்டி அரசிடம் மனுப் போட முடிந்தது, ஆணை வந்தபின் ஓராண்டுக்குள் அந்தப் பெயருக்கு உரியவர் யாரும் ஆட்சேபிக்க முடிந்தது. எத்மோன் போன வழி இதுவே. கிடைத்தது பெயர் மட்டும், பட்டம் இல்லை.

ஏட்டுச்சுவடி:
தேடும் முறை: 1792-க்கு முன் கிறித்தவ தேவாலயங்களின் கோயில்பற்று ஏடுகள், பின் நகராட்சிப் பதிவேடுகள். பெரும்பாலான மாவட்ட ஆவணக் காப்பகங்கள் இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டு கழிந்தபின் எல்லார்க்கும் திறக்கும். முதலில் பத்தாண்டு அட்டவணையை (பத்தாண்டுப் பதிவுகளின் பெயர்ப்பட்டியல்) பாருங்கள், பிறகு பதிவேடு. 'தெஸ்தேன்' கிடைக்காவிட்டால் 'எஸ்தேன்' என்றும் தேடுங்கள், அட்டவணைகளில் இடம் மாறிக் கிடக்கும். பெயர் மாற்றம் பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். பலர் அந்த ஓரத்தைத்தான் படிக்காமல் விடுகிறார்கள். எத்மோன் 1894-இல் கிளெர்மோன்-ஃபெரானில் பிறந்தவர், அங்கே தொடங்கலாம்.

முகில்77:
தளபதியின் இறப்புப் பதிவு?

கோட்டோவியம்:
இரண்டு சிக்கல். ஏப்ரல் 28 என்று தேடினால் அகப்படாது. அன்றைய புரட்சி நாட்காட்டியில் அது இரண்டாம் ஆண்டு ஃப்ளோரெயால் 9. அடுத்து, 1860-க்கு முந்தைய பாரிஸ் பதிவேடுகள் 1871 தீயில் எரிந்தன. மீட்டுருவாக்கியது ஒரு பகுதிதான். புரட்சி நீதிமன்றக் கோப்புகளை தேசிய ஆவணக் காப்பகத்தில் பாருங்கள்.