மறு: அரோமாதெரபிக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

[தங்கச்சிமடத்திலிருந்து]
அனைவருக்கும் வணக்கம். பாம்பன் பக்கத்துக் கிராமச் செவிலியர்களுக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பிள்ளை பெற்றவளின் இடுப்புவலிக்கு லாவெண்டர் கலந்த எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது பாடம். ‘அரோமாதெரபி’ (செடிகளின் மணச்சாறுகளைக் கொண்டு செய்யும் சிகிச்சை), ‘எசென்ஷியல் ஆயில்’ (செடியிலிருந்து வடித்தெடுத்த அந்தச் செறிந்த மணச்சாறு) இரண்டுக்கும் சொல் தாருங்கள்.

[மதுரையிலிருந்து]
நறுமணப் பண்டுவம், நறுநெய். எள்+நெய்=எண்ணெய்; நெய் என்பதே பொதுச்சொல். அப்படிப் பார்த்தால் ‘தேங்காய் எண்ணெய்’ என்பதே பொருந்தாது. நாற்றம்கூட நறுமணம்தான், ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்’ (குறள் 1274). நாம் இழிவாக்கிவிட்ட சொல்லை நாமே மீட்க வேண்டாமா?

[கீழக்கரையிலிருந்து]
ஐயா, பச்சை உடம்புக்காரிக்கு நெய் உண்ணக் கொடுக்கிற ஊர் இது. ‘நறுநெய்’ என்று அச்சடித்தால் யாராவது சோற்றில் ஊற்றிவிடுவார்கள். இதுவோ வாயில் படவே கூடாதது. தோலில்கூட அப்படியே தடவாமல், 100 மி.லி. நல்லெண்ணெயில் 1 மி.லி. அளவில் கலக்க வேண்டியது. ‘வாசனைத் தைலம்’ போதும். அத்தர் வேறு, இது வேறு என்று ஒரு வரி சேருங்கள். இங்கே வீட்டுக்கு வீடு அத்தர் உண்டு.

[தொண்டியிலிருந்து]
1937-இல் கட்டஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ‘அரோமாதெரபி’ என்ற பெயரில் நூல் எழுதுவதற்கு முன்பே, நம் பாட்டிமார் நொச்சித்தழை போட்டுக் காய்ச்சிய வேதுத் தண்ணீர் ஊற்றினார்கள். வெதுவெதுப்பு, வெதும்பல், வேது எல்லாம் ஒரே வேர். ‘மணவேது’ என்று வைத்தால் என்ன?

[தங்கச்சிமடத்திலிருந்து]
வேது என்றால் சூடு, ஆவி என்றுதான் செவிலியர்கள் கொள்வார்கள், அண்ணே. தலைப்பில் ‘வாசனைத் தைலச் சிகிச்சை’. மசாஜுக்கு, மருத்துவச்சிகள் சொல்லும் ‘உருவிவிடுதல்’. சொல்லைவிட எனக்குக் கவலை அடுத்த பக்கம்தான்: ஆபரேஷன் தையல்மேல் படக்கூடாது; புதினா எண்ணெய், கர்ப்பூரம் சிசுவின் முகத்தருகே ஆகாது; ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உருவவே கூடாது, இரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

[மதுரையிலிருந்து]
எச்சரிக்கைகள் அருமை, அம்மா. ஆனால் தைலம், திலம் என்ற வடசொல்லின் வழி வந்தது, திலமும் எள்ளே! அதற்கு ‘மண எண்ணெய்’ மேல்.

[கீழக்கரையிலிருந்து]
சேர்த்தெழுதினால் ‘மணவெண்ணெய்’, வெண்ணெய் ஆகிவிடும். பிரித்தெழுதினால் அவசரத்தில் மண்ணெண்ணெய் என்று படிப்பார்கள். தைலமே இருக்கட்டும், ஐயா.

[மதுரையிலிருந்து]
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ‘சிகிச்சை’யையாவது ‘பண்டுவம்’ ஆக்குங்கள். கடற்கரைக் கிழவிகளுக்கு அது தெரிந்த சொல்தான். கேட்டுப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.