போர்ட்டட் பேரல்: துளைக்குழலா, கண்குழலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எப்போதும் உடன் வைத்துக்கொள்ளும் கச்சிதமான கைத்துப்பாக்கிக்கு எந்த வகைக் குழல் பொருந்தும் என்ற கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பேரலுக்குக் ‘குழல்’ என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இரட்டைக்குழல் துப்பாக்கி என்று எல்லோரும் சொல்லிப் பழகியதுதான். சிக்கல் அதன் வகைகளில் வருகிறது, முக்கியமாகப் போர்ட்டட் பேரலில், அதாவது வாயு வெளியேற வாயருகே திறப்பு வெட்டிய குழலில்.

இதற்குத் ‘துளைக்குழல்’ என்ற சொல் இங்கே முன்வைக்கப்பட்டது. நானும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். லேத் வேலை தெரிந்த நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். “துளை இல்லாத குழல் எங்கே இருக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. குண்டு ஓடும் வழியே ஒரு துளைதான். துளை விட்டம், துளைத் தேய்மானம் என்று அதே கட்டுரையில் பல இடங்களில் வருகிறது. அந்தச் சொல்லை அங்கிருந்து பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது.

சரி, பொருளைப் பார்ப்போம். குழலின் வாயை எட்டுவதற்குச் சற்று முன்பாக, மேற்புறத்தில் சிறு திறப்புகள் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்த இடத்தைத் தாண்டியதும் பின்னால் வரும் வாயுவில் ஒரு பங்கு மேல்நோக்கிப் பீறிடும். அந்த உந்தம் குழலின் வாயைக் கீழே அழுத்தும். சுட்டதும் துப்பாக்கி எகிறுவது குறையும். குளோக் 19சி போன்ற கைத்துப்பாக்கிகளில் குழலில் மட்டும் வெட்டினால் போதாது, அதை மூடியிருந்து, சுடும்போது பின்னால் நகரும் ஸ்லைடு என்ற பாகத்திலும் மேலே திறப்பு வேண்டும்.

ஒரு பரப்பில் ஏதாவது கடந்துபோவதற்காக விட்ட திறப்பைத் தமிழ் எப்போதும் ‘கண்’ என்றே சொல்லிவந்திருக்கிறது. மதகுக்கண், பாலத்தின் கண், சல்லடைக்கண். ஆகவே கண்குழல் என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. இருகண் குழல், நாற்கண் குழல் என்று எண்ணிக்கையும் இயல்பாகச் சேரும். கண் என்றால் குறிபார்ப்பதோடு குழப்பிக்கொள்வார்களே என்று கேட்கலாம். அந்த ஐயம் எனக்கும் இருந்தது. முதல்முறை வரும் இடத்தில் ‘வாயருகே கண் திறந்த குழல்’ என்று விரித்து எழுதிவிட்டால், அப்புறம் சுருக்கமாக எழுதுவதில் தடையில்லை.

ப்ளூட்டட் பேரலுக்கு ஒருவர் ‘புல்லாங்குழல் வகை’ என்று எழுதியிருந்ததை அப்படியே விடக் கூடாது. புல்லாங்குழலில் இருப்பது துளை. இந்தக் குழலின் சுவரிலோ ஒரு துளைகூடக் கிடையாது. எடை குறைய வெளிப்புறத்தில் நீளவாக்கில் பள்ளம் இழைத்திருப்பார்கள், அவ்வளவுதான். படிப்பவர் இதையே வாயு வெளியேறும் குழல் என்று நினைத்துவிடுவார். தச்சர்கள் மரத்தில் எடுக்கும் பள்ளத்துக்குக் காடி என்ற பெயர் இருக்கிறது. காடிக்குழல் என்போம். புளித்த காடியோடு இதை யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

த்ரெடட் பேரல் என்பது வேறு பாகத்தைத் திருகிப் பொருத்த வாயின் வெளிப்புறத்தில் மரை வெட்டிய குழல். அதற்கு மரைக்குழல் என்பது போதாது. உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் சுருள் வரியும் மரை மாதிரிதான் இருக்கிறது. உள்ளே இருப்பதற்குப் புரி, வெளியே வாயில் இருப்பதற்கு மரை என்று பிரித்துவிட்டால் தெளிவு. கயிற்றின் புரி, சங்கின் புரி எல்லாம் முறுக்கைச் சொல்பவைதானே. 1911 கைத்துப்பாக்கியின் குழலில் வரி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, இடப்பக்கமாக முறுக்கியது; இடம்புரி. குளோக் 9 மி.மீ. குழலில் 250 மி.மீ.க்கு ஒரு சுற்று, வலம்புரி. இவ்வளவு பொருத்தமாகச் சொல் கைவசம் இருக்கும்போது புதிதாக எதற்கு உருவாக்க வேண்டும்? ஆகவே த்ரெடட் பேரல் வாய்மரைக் குழல். கூடுதல் வேலை எதுவும் செய்யாத சாதாரணக் குழலுக்கு, வெறுங்கை, வெறுங்கால் போல, வெறுங்குழல்.

காம்பன்சேட்டரை ‘ஈடுசெய்வி’ என்பது எனக்கு ஒப்பவில்லை. இழப்பீட்டு நினைவுதான் வருகிறது. அது வாயில் திருகிப் பொருத்தும் தனிப் பாகம், கண்குழலின் வேலையையே செய்கிறது. எகிறல்தணிப்பி என்று வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னதாக யாருக்காவது கிடைத்தால் சொல்லுங்கள். ஸ்லைடுக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘நகரி’ நாலு பொருளில் புழங்குகிறது, அதனால் இப்போதைக்கு ஸ்லைடு என்றே விட்டிருக்கிறேன்.

இந்தச் சொற்களை வைத்து எழுதிய பத்தி இது, படித்துப் பாருங்கள்:

“கச்சிதமான துப்பாக்கியில் குழல் 4 அங்குலத்துக்கு அக்கம்பக்கம்தான். கண்குழல் எகிறலைக் குறைக்கும். ஆனால் வாயு முன்கூட்டியே வெளியேறுவதால் குண்டின் வேகம் சிறிது குறையும், இருட்டில் தீப்பொறி கண்ணெதிரே மேலெழும், உடலை ஒட்டிப் பிடித்துச் சுட நேர்ந்தால் சூடான வாயு முகத்தை நோக்கி வரும். வாய்மரைக் குழல் ஸ்லைடைத் தாண்டி நீளும். ஒளித்து வைக்கக் குட்டையான துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்ததன் பயன் அந்த அளவுக்குக் குறையும். காடிக்குழலில் எடை கொஞ்சம் குறையும், மற்றபடி பெரும்பாலும் தோற்றத்துக்குத்தான். அன்றாடம் இடுப்பில் வைத்துக்கொள்ள வெறுங்குழலே போதும்.”

எந்தச் சொல்லில் தடுக்கியது என்று எழுதுங்கள்.