“புரிஞ்சுதா?” என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். உண்மையில் புரிந்ததா என்று தெரிந்துகொள்வது எப்படி?

நூல்கண்டு:
ஆறேழு பேருக்கு ஒரு வேலையை வாய்மொழியாக விளக்கிவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாரும் “புரிஞ்சுது” என்கிறார்கள். “சந்தேகம் ஏதும் உண்டா?” என்றால் அமைதி. வேலை முடிந்து வரும்போதுதான் ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டது தெரிகிறது. யாரும் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. வளர்ந்தவர்களுக்குப் பரீட்சை வைப்பதுபோல் ஆகிவிடாமல் இதை உறுதிசெய்ய வழி உண்டா? எந்த வார்த்தைகளில் கேட்பது, எப்போது கேட்பது என்கிற அளவுக்குச் சொன்னால் உதவியாக இருக்கும். எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பிவிட்டால் பிரச்சினை தீருமா?

செவிப்புலம்:
முதலில் “புரிஞ்சுதா?” என்பதை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குச் சிரமமில்லாத பதில் “ஆமாம்” ஒன்றுதான். “இல்லை” என்றால், ஒன்று தன்னைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அல்லது நீங்கள் சரியாகச் சொல்லவில்லை என்று குறை கூற வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல்: தவறாகப் புரிந்துகொண்டவருக்கும் புரிந்துவிட்ட நிறைவு முழுதாக இருக்கும். அவர் மனதாரத்தான் “ஆமாம்” என்கிறார்.

சொல்பவர் பக்கமும் ஒரு மாயை உண்டு. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் செய்த ஆய்வில், சிலர் பிரபலமான பாட்டுகளின் தாளத்தை மட்டும் மேசையில் தட்டினார்கள். மற்றவர்கள் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவரின் தலைக்குள் மெட்டு ஓடுகிறது. கேட்பவருக்கு வெறும் தட்டல்தான் காதில் விழுகிறது. உங்கள் விளக்கத்துக்கும் உங்கள் தலைக்குள் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியது, கேட்டவரைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வைப்பது. மருத்துவத்தில் இதை ‘டீச்-பேக்’ என்பார்கள். நோயாளிகளிடம் சொல்லும் தகவலில் 40 முதல் 80 சதவீதம் உடனடியாக மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் கிட்டத்தட்ட பாதி தவறு என்று 2003இல் வெளியான கெஸ்ஸல்ஸின் கட்டுரை சொல்கிறது. அதனால் அங்கே இது தீவிரமாகப் பழக்கப்படுத்தப்படுகிறது.

பரீட்சை நெடி வராமல் இருக்க, பொறுப்பை உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள்: “நான் எதையாவது விட்டுவிட்டேனா என்று பார்க்க வேண்டும். இதை எங்கிருந்து தொடங்கப் போகிறீர்கள், சொல்லுங்களேன்.” இரண்டு மூன்று விஷயம் சொன்னதும் ஒருமுறை இப்படிக் கேளுங்கள், கடைசிவரை காத்திருந்தால் எது எங்கே பிசகியது என்று பிரிக்க முடியாது. “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். புரியாமலே ஒப்பிக்கலாம். செயலைக் கேளுங்கள்: முதலில் என்ன செய்வீர்கள், எந்த நிலையில் நிறுத்திவிட்டுக் கேட்பீர்கள், தேவையான பொருள் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள். தவறு தெரிந்தால் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்வதால் பயனில்லை. வேறு வழியில், ஓர் உதாரணத்தோடு சொல்லிவிட்டு மறுபடியும் கேளுங்கள். அந்த இரண்டாம் முறையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஓடுபாதை:
செவிப்புலம் சொன்னது நோக்கத்தைச் சரிபார்க்க. எண், பெயர், நேரம், இடம் போன்றவற்றுக்கு விமானப் போக்குவரத்தில் உள்ள ‘ரீட்பேக்’ முறைதான் சரி. அங்கே சொந்தச் சொற்களுக்கு இடமில்லை. கேட்ட எண்ணை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

“ஓகே” என்ற ஒற்றைப் பதில் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் நடந்த விபத்தைவிட வேறு சான்று வேண்டாம். மூடுபனிக்குள் ஓடுபாதை முனையில் நின்ற கேஎல்எம் விமானத்திலிருந்து, தாங்கள் டேக்-ஆஃபில் இருப்பதாக இருபொருள்படும் ஒரு வாசகம் வந்தது. கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டு “ஓகே” என்றார். ஏறக்குறைய இரண்டு நொடி விட்டு, “காத்திருங்கள், நான் அழைக்கிறேன்” என்றும் சொன்னார். அதே நேரத்தில், இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானமும் பேச, இரண்டு ஒலிபரப்புகளும் மோதிக் கீச்சொலியாயின. கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது அந்த “ஓகே” மட்டும். வேகமெடுத்த கேஎல்எம், பான் ஆம் மீது மோதியது. 583 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ‘டேக்-ஆஃப்’ என்ற சொல், அதற்கு அனுமதி கொடுக்கும்போதோ அந்த அனுமதியை ரத்து செய்யும்போதோ மட்டும் வர வேண்டும் என்று விதி வந்தது. முக்கியமான அனுமதிகளை வெறும் ஒப்புதலோடு விடாமல் திருப்பிச் சொல்வது கட்டாயமானது.

இதில் கவனிக்க வேண்டியது மூன்றாவது படி. நீங்கள் சொல்கிறீர்கள், அவர் திருப்பிச் சொல்கிறார், அதை நீங்கள் உண்மையாகவே கேட்க வேண்டும். திருப்பிச் சொன்னது தவறாக இருந்தும் கட்டுப்பாட்டாளர் கவனிக்காமல் விடுவதற்கு ‘ஹியர்பேக்’ பிழை என்றே தனிப்பெயர் உண்டு. சரியாகத்தான் சொல்வார் என்ற எதிர்பார்ப்பில், 15 என்றாலும் காதில் 50 என்றே விழும். அவர் சொல்லி முடிக்கும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். சரியாக இருந்தால் “சரி, 50” என்று எண்ணோடு முடியுங்கள்.

நூல்கண்டு:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆறேழு பேர் இருக்கும்போது ஒவ்வொருவரிடமும் திருப்பிச் சொல்லக் கேட்பதா? நேரம் ஓடிவிடுமே.

வெண்கலமணி:
ஒரே விஷயத்தை எல்லாரிடமும் கேட்க வேண்டாம். ஒவ்வொருவரும் தன் பங்கையும், அதை யாரிடம், எந்த நிலையில் ஒப்படைப்பார் என்பதையும் சொன்னால் போதும். ஒப்படைக்கும் இடங்களில்தான் பெரும்பாலும் பிசகும். ஒருவர் மட்டும் கேள்வி கேட்டுத் தெளிவுபெறுவதை மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை வைத்து அவர்களுக்கும் புரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஷோபரும் கிளார்க்கும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், உரையாடலின் ஒவ்வொரு சொல்லையும் ஒட்டுக்கேட்டவர்கள்கூட, நேரடியாக உரையாடியவர்களைவிட அதிகம் தவறினார்கள். உரையாடுபவர் தனக்குப் பிடிபடாத இடத்தில் நிறுத்திக் கேட்க முடியும், ஒட்டுக்கேட்பவரால் முடியாது.

“சந்தேகம் உண்டா?” என்றால் அமைதி என்கிறீர்களே, எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள்? சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க சராசரியாக 200 மில்லிநொடிதான் ஆகிறது. 2009இல் 10 மொழிகளை ஒப்பிட்ட ஆய்வின் கணக்கு இது. அந்த வேகத்துக்குப் பழகியதால் ஒரு நொடி மௌனமே நமக்குத் தாங்கவில்லை, “சரி, அப்போ பார்க்கலாம்” என்று முடித்துவிடுகிறோம். ஆசிரியர்களும் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 நொடியாக நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பதிலே சொல்லாதவர்கள் குறைகிறார்கள் என்றும் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். கேள்வியையும் மாற்றுங்கள்: “இதில் எந்தப் பகுதி இடிக்கும் என்று நினைக்கிறீர்கள்?”

இன்னொன்று. 12 மொழிகளின் அன்றாடப் பேச்சை ஆராய்ந்து 2015இல் வந்த ஆய்வின்படி, சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்குள் ஒருமுறை யாராவது “ஆங்?” என்றோ, “யாரு?” என்றோ, “அப்போ நாளைக்கா?” என்றோ நிறுத்திக் கேட்கிறார்கள். நீங்கள் பத்து நிமிடம் பேசியும் அப்படி ஒரு குறுக்கீடுகூட இல்லையென்றால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். “ஆங்?” வந்தால் திரும்பச் சொல்லுங்கள். “யாரு?” வந்தால் அந்த ஒரு துண்டு போதும். “அதாவது, அதை முடித்துவிட்டுத்தான் இதைத் தொடங்கணுமா?” என்று வந்தால் அவருக்குப் பெரும்பகுதி பிடிபட்டிருக்கிறது.

கீற்று:
தகவல் பரிமாற்றத்தில் சொல்லின் பங்கு 7 சதவீதம்தான் என்பார்களே. அப்படியானால் முகத்தைப் பார்த்தாலே புரிந்ததா என்று தெரிந்துவிடாதா?

செவிப்புலம்:
அந்த 7-38-55 கணக்கு (சொல் 7, குரல் 38, முகம் 55 சதவீதம்) உளவியலாளர் மெஹ்ராபியனின் 1967 ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொற்களைச் சொல்லும்போது குரலும் முகமும் சொல்லோடு முரண்பட்டால், பேசுபவரின் விருப்பு வெறுப்பை எதை வைத்து ஊகிக்கிறோம் என்பதே அங்கே கேள்வி. வேலை விளக்கத்துக்கு அது பொருந்தாது. முகம் பார்த்தால் ஒருவர் சங்கடப்படுவது தெரியலாம். மூன்றாம் படியை அவர் நான்காவதாக எடுத்துக்கொண்டது தெரியாது.

வெண்கலமணி:
எழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எண், தேதி, வரிசை, யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தொனி தேவைப்படுவதை எழுத்தில் விடாதீர்கள். க்ரூகர் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் மின்னஞ்சலில் எது கிண்டல், எது நிஜம் என்று படிப்பவர்கள் 78 சதவீதம் சரியாகச் சொல்வார்கள் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள், கிடைத்தது 56. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். “முடிந்தால் வெள்ளிக்குள்” என்று எழுதினால், அது கட்டளையா விருப்பமா என்று படிப்பவர்தான் தீர்மானிப்பார். “வெள்ளி மாலை 5 மணிக்குள் வேண்டும், முடியாதென்றால் புதன் அன்றே சொல்லுங்கள்” என்று எழுதுங்கள்.

கட்டைவிரல் குறியைப் பார்த்துவிட்டுப் புரிந்துவிட்டது என்று முடிவுகட்டவும் வேண்டாம். பார்த்தேன் என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. பேசி முடித்ததும் சுருக்கத்தை நீங்கள் எழுதாமல், வேலையை ஏற்றவரையே நான்கைந்து வரியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதே நாளில் படித்துத் திருத்திவிட்டால், பிசகு வேலை தொடங்குவதற்கு முன்பே சிக்கிவிடும்.